பெல்லாரிச் சிறையில் கம்பனை அளந்தவர்: வ.வே.சு. ஐயர்

வ.வே.சு. ஐயர் யார் என்று அம்பாங்கில் என்னிடம் தமிழ் இலக்கியம் படிக்க வரும் மாணவர்களைக் கேட்டால் பதில் சட்டென்று வரும். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி, 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர். தேர்வுக்கு அது போதும். ஆனால், என்னைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்திருப்பவை அவருடைய வாழ்க்கையின் வேறு இரண்டு செய்திகள். ஒன்று, அவர் சிறையில் உட்கார்ந்து கம்பனை ஹோமருக்குப் பக்கத்தில் வைத்து அளந்தது. மற்றொன்று, சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரில் பிளேட்டோ கேட்ட ஒரு கேள்வி, ஐயர் நடத்திய பள்ளியின் சாப்பாட்டுப் பந்தியில் வந்து நின்றது.

பிளேட்டோவின் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் ஐயரின் கதையில் பாதி புரியாது.

பழைய கிரேக்க நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஹோமரின் இலியட், ஒடிசி ஆகிய இரு காப்பியங்களையும் மனப்பாடம் செய்தார்கள். வீரம் எது, மானம் எது, தெய்வங்கள் எப்படிப்பட்டவை என்பதையெல்லாம் அவற்றிலிருந்தே கற்றார்கள். கிரேக்க நாட்டுக்கே ஆசிரியர் ஹோமர்தான் என்று பலர் நம்பினார்கள். இதைத் தத்துவஞானிகள் சும்மா விடவில்லை. பிளேட்டோவுக்கும் முன்பே செனோஃபனீஸ் என்பவர், மனிதர்கள் செய்தால் வெட்கக்கேடான திருட்டையும் ஏமாற்றையும் கூடா ஒழுக்கத்தையும் ஹோமர் தெய்வங்கள் தலையில் ஏற்றிவிட்டார் என்று குறை சொன்னார். பிளேட்டோ இன்னும் ஒரு படி மேலே போனார். 'குடியரசு' என்ற நூலில், நல்ல நாடு ஒன்றை அமைப்பதானால் அங்கே ஹோமருக்கு இடமில்லை என்றார். மாவீரன் அகிலீஸ் மணலில் புரண்டு அழுகிறான். தெய்வங்கள் நொண்டி நடக்கும் இன்னொரு தெய்வத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கின்றன. இதைப் படித்து வளரும் பிள்ளை எப்படி உருப்படும் என்பது அவர் கவலை.

அதே நூலின் பத்தாம் பகுதியில் அவர் இன்னும் கூர்மையாக ஒன்று கேட்கிறார். மருத்துவரால் நோயாளி குணமாகிறான்; நல்ல சட்டம் வகுத்தவரால் நகரம் சீராகிறது. ஹோமரால் எந்த நகரம் திருந்தியது? அவரைக் கரைத்துக் குடித்தவர்கள் நல்லவர்களாகிவிட்டார்களா?

இத்தனைக்கும் பிளேட்டோ ஹோமரை வெறுத்தவர் இல்லை. சிறு வயதிலிருந்தே ஹோமர் மீது தமக்கு அன்பும் மரியாதையும் உண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கதவையும் முழுதாகச் சாத்தவில்லை. கவிதை இன்பம் மட்டும் தருவதில்லை, வாழ்க்கைக்கும் பயன்படுகிறது என்று கவிதை அன்பர் யாராவது உரைநடையில் வாதாடி நிறுவினால் கவிஞரைத் திரும்ப அழைத்துக்கொள்ளத் தயார் என்றார். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' என்ற சிறு நூலை எழுதியதை அந்த அழைப்புக்குக் கிடைத்த முதல் பதில் என்று சொல்வார்கள்.

வரகனேரியிலிருந்து லண்டனுக்கு

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் திருச்சியை அடுத்த வரகனேரியில் 1881 ஏப்ரல் 2இல் பிறந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.ஏ. படித்தார். அங்கே அவர் எடுத்த பாடங்களில் இலத்தீனும் ஒன்று. அந்தக் காலத்தில் திருச்சிப் பையன் ஒருவன் இலத்தீன் படிப்பது சட்டப் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் உதவும் என்ற கணக்கில்தான் இருந்திருக்கும். ஆனால், அது ஐயருக்கு வேறொரு வாசலைத் திறந்தது. ஐரோப்பாவின் பழங்காப்பியங்களோடு அவருக்கு ஏற்பட்ட பழக்கம் கடைசிவரை விடவில்லை.

பிளீடர் தேர்வில் தேறித் திருச்சியில் சில காலம் வழக்கறிஞராக இருந்தார். பிறகு ரங்கூன் போனார். 1907இல் பாரிஸ்டர் ஆகும் எண்ணத்தோடு லண்டன் போய் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே இந்தியா ஹவுஸ் விடுதியில் சாவர்க்கர் முதலிய புரட்சிக்காரர்களின் பழக்கம் ஏற்பட்டது. பாரிஸ்டர் படிப்பை முடித்தும், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பட்டம் வாங்கவில்லை. இத்தனை ஆயிரம் மைல் கடந்து வந்து, பணமும் செலவழித்து, கடைசிப் படியில் வேண்டாம் என்று திரும்புவதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

1910இல் போலீஸ் தேடத் தொடங்கியதும் மாறுவேடத்தில் தப்பினார். வழியில் ஒற்றன் ஒருவன் அவருடைய பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் கண்டு சந்தேகப்பட்டதாகவும், அது வீர விக்ரம் சிங் என்ற தம் பெயரின் சுருக்கம் என்று சொல்லி அவர் சமாளித்ததாகவும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வார்கள். அந்த ஆண்டின் கடைசியில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அப்போது அங்கேதான் இருந்தார்கள்.

அடுத்த பத்தாண்டு புதுச்சேரி வாழ்க்கை. தொடக்கத்தில் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர், மெல்ல மெல்லப் பேனாவின் பக்கம் திரும்பினார். 1914இல் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியது. அதே கப்பல்தான் அடுத்த மாதம் நம் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. எம்டன் வந்து போன பிறகு புதுச்சேரியில் இருந்த இந்திய அரசியல் அகதிகள் மீது நெருக்கடி கூடியது. அவர்களை ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. போவதற்குள் தமிழுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று ஐயர் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1916இல் வெளிவந்தது. அவர் புதுச்சேரியில் தொடங்கிய பதிப்பகத்துக்கு வைத்த பெயரிலும் கம்பன் இருந்தான்: கம்ப நிலையம்.

சிறை தந்த ஒன்பது மாதம்

முதல் உலகப் போர் முடிந்து பொதுமன்னிப்பு வந்தது. 1920இல் ஐயர் புதுச்சேரியை விட்டு வெளியே வந்தார். காந்தியடிகளின் வழியை ஏற்றுக்கொண்டு சென்னையில் 'தேசபக்தன்' நாளிதழுக்கு ஆசிரியரானார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் திரு.வி.க. 1921இல் அந்த இதழில் வந்த தலையங்கம் ஒன்றுக்காக ஐயர் மீது ராஜத்துரோக வழக்கு பாய்ந்தது. ஒன்பது மாதச் சிறை. இடம் பெல்லாரி.

அங்கேதான் கம்பராமாயணம் பற்றிய தம் ஆங்கில ஆராய்ச்சி நூலை எழுதினார்.

கம்பனைப் புகழ்ந்தவர்கள் அவருக்கு முன்பும் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால், புகழ்ந்த விதம் வேறு. பக்தர்கள் ராமனின் கதை என்று கும்பிட்டார்கள். பண்டிதர்கள் தண்டியலங்காரத்தை வைத்துப் பார்த்தார்கள். பெருங்காப்பியம் என்றால் வாழ்த்து இருக்க வேண்டும், தன்னிகரில்லாத் தலைவன் இருக்க வேண்டும், மலை, கடல், நாடு, நகர், பருவம் ஆகியவற்றின் வருணனை இருக்க வேண்டும் என்று அந்த நூல் சொல்லும். இவை இருக்கின்றனவா என்று பார்த்தாகிவிட்டது; இருக்கின்றன; கம்பன் தேறிவிட்டான். இதற்கு மேல் கேள்வி எழவில்லை.

ஐயர் வேறு தராசை எடுத்தார். ஒரு தட்டில் ஹோமரின் இலியட், வர்ஜிலின் ஈனியட், மில்டனின் இழந்த சொர்க்கம், வியாசரின் மகாபாரதம். மறு தட்டில் கம்பன். கடைசியில் கம்பனுக்கு மூலமான வான்மீகியையே எடுத்து வைத்தார். கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, பாத்திரங்கள் எப்படி வளர்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். உலகக் காப்பியங்கள் எதனோடும், ஏன், வான்மீகியோடும்கூடக் கம்பனை ஒப்பிடலாம், அவன் தோற்கமாட்டான் என்பது அவர் முடிவு.

இது தமிழ்ப் பற்றில் வந்த முடிவுதானே என்று நீங்கள் கேட்கலாம். பற்று இருந்தது, மறுக்கவில்லை. சில இடங்களில் தராசைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறாரோ என்று எனக்கும் தோன்றியது உண்டு. ஆனால், அளக்க விட்டாரே, அதுதான் பெரிது. அளப்பதென்றால் குறையும் வெளிப்படலாம் என்று ஒத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

அரிஸ்டாட்டிலின் அளவுகோலை நீங்களே கம்பன் மீது வைத்துப் பார்க்கலாம். ஹோமரை அவர் எதற்காகப் பாராட்டுகிறார் தெரியுமா? பத்தாண்டு நடந்த டிராய் போர் முழுவதையும் சொல்லாமல், கடைசி ஆண்டில் அகிலீஸுக்கு வந்த ஒரு கோபத்தை மட்டும் எடுத்துக் காப்பியம் கட்டினார் என்பதற்காக. இலியடின் கதை நடப்பது சுமார் ஐம்பது நாள்தான். ஒரே ஆளைப் பற்றிய செய்திகளையெல்லாம் அடுக்கிவிட்டால் ஒரே கதை ஆகிவிடும் என்று நினைத்த கவிஞர்களை அரிஸ்டாட்டில் குறை சொல்கிறார். கம்பனோ ராமன் பிறப்பதற்கு முன்பே தொடங்கி முடிசூட்டுவது வரைக்கும் போகிறான். ஆறு காண்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். இந்தத் தேர்வில் கம்பன் தவறிவிட்டானா? என் வகுப்பில் ஒரு மாணவி, மிதிலையில் ராமனும் சீதையும் வில் முறிப்பதற்கு முன்பே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் கம்பன் சேர்த்தது இதற்காகத்தான் என்றாள். முதல் காண்டத்திலேயே அந்தக் காதலை நட்டுவிட்டதால், பின்னால் வரும் பிரிவும் தேடலும் போரும் ஒரே கொடியில் கோத்துக்கொள்கின்றன என்பது அவள் வாதம். வான்மீகியில் அந்தக் காட்சி கிடையாது. ஐயர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிளேட்டோவின் அளவுகோலை வைத்தால் இன்னும் சுவையாக இருக்கும். காப்பியத்தில் இளைஞர் மனத்தைக் கெடுக்கும் இடங்களை வெட்ட வேண்டும் என்றார் அவர். கம்பன் சில இடங்களில் அந்த வேலையைத் தானே செய்திருக்கிறான். வான்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தொடாமல், பர்ணசாலை இருந்த நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். ஆனால், வாலி வதையில் கம்பன் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. ராமன் மறைந்து நின்று அம்பு எய்தான். விழுந்து கிடக்கும் வாலி, இது எந்த நீதி என்று கேள்வி மேல் கேள்வியாக அடுக்குகிறான். தலைவனின் செயலில் உள்ள கறையைக் கவிஞன் துடைக்காமல், எதிராளியின் வாயாலேயே அதை எடுத்துக் காட்டவும் இடம் கொடுக்கிறான். பிளேட்டோ அந்தப் பக்கத்தைக் கிழித்திருப்பார். எனக்கோ கம்பனில் மிகப் பிடித்த இடம் அதுதான். நல்லவன் செய்த தவற்றைப் பற்றி யோசிக்க ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பந்தியில் வந்த கேள்வி

சிறையிலிருந்து வந்ததும் ஐயர் பள்ளி நடத்த விரும்பினார். ஆங்கிலேயர் பள்ளிகளில் படித்துக் குமாஸ்தா ஆகும் பிள்ளைகள் போதும். நாட்டுப் பற்றும் கைத்தொழிலும் இலக்கியமும் சேர்ந்த கல்வி வேண்டும் என்பது அவர் எண்ணம். 1922 கடைசியில் திருநெல்வேலிப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் தொடங்கியது. பிறகு சேரன்மாதேவிக்கு மாறியது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியும் பொதுமக்களும் நிதி கொடுத்தார்கள். அங்கிருந்து 'பாலபாரதி' என்ற இதழை நடத்தினார். அதில் கம்பராமாயண ரசனை என்ற தலைப்பில், இந்த முறை தமிழிலேயே, கம்பனைப் பற்றி எழுதினார்.

அந்தக் கம்பனில் குகன் வருகிறான். கங்கைக் கரை ஓடக்காரன், வேட்டுவர் தலைவன். அயோத்தி அரசகுமாரன் ராமன் அவன் அன்பாகக் கொண்டுவந்த தேனையும் மீனையும் மதித்துப் பேசுகிறான். அவனைத் தன் உடன்பிறப்பாக ஏற்றுக்கொள்கிறான். நான்கு பேராக இருந்த சகோதரர்கள் அன்றிலிருந்து ஐந்து பேர். இந்தக் காட்சியைப் படித்து மனம் உருகாத தமிழர் குறைவு.

அதே குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. அவர்களின் பெற்றோர் அந்த நிபந்தனையோடுதான் சேர்த்தார்கள், ஐயர் ஒத்துக்கொண்டார். செய்தி 1924 வாக்கில் வெளியே வந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் பந்தி பிரிப்பதா என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், அப்போது காங்கிரசில் இருந்த ஈ.வெ.ராமசாமியும் கொதித்தார்கள். சண்டை பெரிதாகிக் காந்தியடிகள் வரைக்கும் போனது.

ஐயர் தாம் சாதி பார்த்துச் சாப்பிட்டவர் இல்லை என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நினைத்தார், காலப்போக்கில் பெற்றோர் மனம் மாறும் என்று நம்பினார் என்றும் சமாதானம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால், பந்தியின் வெளியே உட்கார்ந்த பிள்ளைக்கு இந்த விளக்கத்தால் என்ன பயன்? குகனைத் தம்பியாக்கிய பாடல்களை அணு அணுவாக ரசித்த ஒருவரின் பள்ளியில் இது நடந்தது என்பதை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. ஹோமரால் எந்த நகரம் திருந்தியது என்று பிளேட்டோ கேட்டாரே, அந்தக் கேள்வி சேரன்மாதேவிக்கும் வந்து கதவைத் தட்டியது.

வேடிக்கை என்னவென்றால், ஐயரை எதிர்த்தவர்கள் பிறகு பிளேட்டோவின் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். பெரியார் 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் காங்கிரசை விட்டு வெளியேறினார். குருகுலச் சண்டையில் கிளம்பிய சூடு சுயமரியாதை இயக்கமாக வளர்ந்தது. 1929 கடைசியில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கி ஈப்போ மாநாட்டில் பேசியபோது அந்தச் சூடு மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தது. பிறகு ராமாயணமே வேண்டாம் என்ற வாதம் எழுந்தது. 1943இல் அறிஞர் அண்ணா, ரா.பி.சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையேறிக் கம்பனைக் கொளுத்த வேண்டும் என்று வாதாடினார். காப்பியம் மக்கள் மனத்தில் எதை விதைக்கிறது என்பதுதான் அங்கேயும் வழக்கு. அந்த மேடையில் கம்பனுக்காக ஐயர் வாதாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பது உண்டு.

அதற்கு அவர் இல்லை. குருகுலப் பொறுப்பிலிருந்து 1925இல் விலகினார். அந்த ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் மாணவர்களை அழைத்துக்கொண்டு பாபநாசம் மலையில் உள்ள கல்யாண தீர்த்த அருவிக்குப் போனார். மகள் சுபத்ரா நீரோட்டத்தைத் தாண்ட முயன்றபோது கால் இடறி விழுந்து அடித்துச் செல்லப்பட்டாள். அவளைக் காப்பாற்ற ஐயரும் குதித்தார். இருவருமே பிழைக்கவில்லை. அவருக்கு வயது 44.

பெல்லாரியில் எழுதிய நூல் அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1950இல் டெல்லித் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியலோ ஆங்கில இலக்கியமோ படிப்பவர்கள் நூலகத்தில் தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ் தெரியாத நண்பர்களோடும் உட்கார்ந்து வாதாடலாம். படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு அது இப்போதைக்குக் கனமாக இருக்கும். நீங்கள் அயோத்தியா காண்டத்தில் குகன் வரும் பகுதியையும் கிட்கிந்தா காண்டத்தில் வாலி விழும் பகுதியையும் ஒரு நல்ல உரையோடு வாங்கிப் படியுங்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்தால் கம்பனைக் கும்பிடத் தோன்றும், அல்லது சண்டை போடத் தோன்றும்.